கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? முதலில் ஃபைல், அப்புறம் ரிப்பேர்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதை மேசையில் வைப்பதற்குள் கேட்கும் முதல் கேள்வி, "உள்ள இருக்கிறது எல்லாம் போயிருக்குமா தம்பி?" என்பதுதான். பெரும்பாலும் போயிருக்காது. கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் இருப்பது ஒரு கோளாறு. ஃபைல்கள் அழிவது வேறு கோளாறு. நம் பக்கத்து வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்புக் கதவின் பூட்டு மக்கர் செய்தால் இரண்டாம் கட்டு அறையில் இருக்கும் பித்தளைச் சாமான் எங்கும் போய்விடாது. பூட்டைத் திறக்கிறேன் என்று கடப்பாரையைக் கையில் எடுக்கும்போதுதான் சேதம் ஆரம்பிக்கிறது.

அந்தக் கடப்பாரைக்கு இங்கே ஃபார்மட் என்று பெயர்; டிஸ்க்கில் இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. ஒரு ஆராய்ச்சி மாணவி என்னிடம் வந்தார். அவருடைய லேப்டாப் ஒருநாள் லோகோவோடு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் புது விண்டோஸ் போட்டு, சரியாகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லேப்டாப் நன்றாகத்தான் ஓடியது. மூன்று வருஷமாகச் சேர்த்த அட்டவணைகளும் ஆய்வேட்டின் வரைவும்தான் இல்லை. உள்ளே இருந்தது எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத புது ரக டிஸ்க். அதில் அழித்த இடத்தைப் பின்னணியிலேயே துடைத்து வைத்துவிடும் ஏற்பாடு உண்டு. அதனால் மீட்பு மென்பொருள் எதைப் போட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. வழிகாட்டிக்கு மெயிலில் அனுப்பியிருந்த மூன்று அத்தியாயங்கள் மட்டும் மிஞ்சின. அந்தப் பெண் கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்

உங்கள் செல்போனில் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இரண்டையும் திறந்து பாருங்கள். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைகிறவர்களுக்கு டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்கள் அவர்களுக்கே தெரியாமல் ஒன்டிரைவில் ஏறியிருப்பதுண்டு. ஏறியிருந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

அப்புறம், திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் அதில் ஃபார்மட், இனிஷியலைஸ், ரிமூவ் எவ்ரிதிங் என்ற சொற்கள் இருந்தால் கேன்சல் போடுங்கள். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கும்போது அது அறிவுரை சொல்வதுபோலத்தான் இருக்கும். டிஸ்க்கில் இருப்பதை அதனால் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். வேறு வழியில் படித்துவிடலாம்.

இனி, வருகிறவர்கள் கோளாறைச் சொல்லும் வார்த்தையிலேயே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"லைட்டே எரியல"

பட்டனை அழுத்தினால் லைட்டும் இல்லை, காத்தாடிச் சத்தமும் இல்லை. பார்க்கப் பயமாக இருக்கும். எனக்கு மிகக் குறைவாகக் கவலை தருவது இதுதான். கரண்ட் உள்ளே போகவில்லை, அவ்வளவே. டிஸ்க்கை யாரும் தொடவில்லை.

சுவர் பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் வயரிங் எல்லாம் பிற்காலத்தில் இழுத்தது. பாயிண்ட் தளர்ந்து கிடக்கும். சார்ஜர் வேலை செய்தால் அடுத்து யுபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விலக்கிவிட்டு, சிபியு வயரை நேரே சுவரில் செருகுங்கள். சிபியுவின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தருகே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு அது அணைந்து, "மெஷின் போச்சு" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் பலர்.

லேப்டாப் என்றால் சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை மட்டும் 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். இவ்வளவிலேயே உயிர் வந்துவிடும் லேப்டாப்கள் நிறைய. டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு வந்திருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பாட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜ் போடாமல், அழுத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் டெஸ்க்டாப் அசையவில்லை என்றால், உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி போயிருக்கலாம். ஐப்பசி மழையில் இடி இறங்கின மறுநாள் காலையில் எனக்கு வரும் வேலை இதுதான். கரண்ட் வயரைப் பிடுங்கி வைத்திருந்தாலும் இன்டர்நெட் வயர் வழியாக இடி உள்ளே வந்து, எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டைத் தாக்குவதும் உண்டு. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை. மதர்போர்டே எரிந்திருந்தாலும் டிஸ்க் தனிப் பொருள். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் பெரும்பாலும் படித்துவிடலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

"ஆன் ஆகுது, அஞ்சு நிமிஷத்துல அணையுது"

சூடு. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், டிசைன் போடும் கம்ப்யூட்டர் தானாக அணைகிறது என்று கொண்டுவந்தார். மூடியைக் கழற்றினால், பிராசஸர் மேலிருக்கும் காத்தாடிக்கும் அதன் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சிமெண்ட் தூள் அடைபோல அப்பியிருந்தது. விரலால் பெயர்த்தால் வில்லையாக வந்தது. காற்று போக இடமே இல்லை. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைகிறது. நல்ல குணம்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊதுவதானால் காத்தாடியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விடாதீர்கள். அடிக்கடி அணைவதை அப்படியே விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை திடீரென்று அணையும்போதும் டிஸ்க்கில் பாதி எழுதிய ஃபைல் கெடுவதற்கு வாய்ப்பு உண்டு.

"காத்தாடி சுத்துது, ஸ்கிரீன் கறுப்பா இருக்கு"

மானிட்டர் வயர் சரியான துளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு தனியாகப் போட்டிருந்தால் வயர் அதில்தான் இருக்க வேண்டும், மேலே உள்ள மதர்போர்டுத் துளையில் அல்ல.

அது சரி என்றால் ரேம், அதாவது ஓடும்போது மட்டும் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நினைவகப் பட்டை. பிளக்கைப் பிடுங்கி, கையை ஏதாவது வெறும் இரும்பில் தொட்டுவிட்டு, ரேமின் இரண்டு ஓரத்துக் கொக்கியையும் விலக்கிக் கழற்றுங்கள். அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அதை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, "டக்" என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றதை. ரேம் கெட்டால் ஃபைல் போகாது. ஃபைல் இருப்பது டிஸ்க்கில்.

"கம்பெனி பேர் வருது, அப்புறம் டிஸ்க்கே இல்லைங்குது"

கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று எழுத்து வரும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் பகுதிக்கு என்றே ஒரு காரணம் இதில் இருக்கிறது.

முதலில் எளிய காரணம்: பென்டிரைவ் ஒன்று செருகியபடியே இருக்கும். அதிலிருந்து கிளம்பப் பார்த்து முடியாமல் நிற்கும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள்.

அடுத்தது. கானாடுகாத்தானில் ஒரு வீடு. வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே இருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முன்னோர்களுக்குப் பங்காளிகள் கூடிச் செய்யும் படைப்புக்காக வீட்டைத் திறந்திருந்தார்கள். வளவுத் தாழ்வாரத்தில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், துணி போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தால் டிஸ்க் இல்லை என்கிறது. ஆச்சி என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"தம்பி, பங்காளி வீட்டுப் பேரு, விலாசம், போன படைப்புக் கணக்கு எல்லாம் இதுலதான் இருக்கு. மகன் புதுசு வாங்கித் தர்றேங்குறான். எனக்குப் புதுசு வேண்டாம்ப்பா, அந்தக் கணக்குதான் வேணும்."

டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே ஆன் செய்து, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனேன். தேதியைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போய் ஜனவரி 1-ல் நின்றுகொண்டிருந்தது.

பாட்டரிகளைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் ஊர் இது. ஆனாலும் டெஸ்க்டாப்புக்குள் ஒரு பாட்டரி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒன்று பதிந்திருக்கும். மேலே சிஆர்2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 3 வோல்ட். தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் ஞாபகம் வைத்திருப்பது அதன் வேலை. சுவரில் கரண்ட் இருக்கும்வரை இந்தப் பாட்டரி பெரும்பாலும் ஓய்வாக இருக்கும். மெயினை அணைத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மாதக்கணக்கில் இது ஒன்றே சுமக்க வேண்டும். அதனால்தான் பூட்டிய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இது சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

தீர்ந்தால் பயாஸ் கம்பெனியில் வைத்து அனுப்பிய அமைப்புக்கே திரும்பிவிடும். விண்டோஸ் போட்டபோது டிஸ்க்கை எந்த முறையில் படிக்கச் சொல்லியிருந்தார்களோ அது மாறிவிடும். டிஸ்க் இருக்கும், விண்டோஸ் இருக்கும், ஆனால் இரண்டும் சந்தித்துக்கொள்ளாது.

பாட்டரியை மாற்றுங்கள்; எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். பயாஸில் தேதியைச் சரி செய்யுங்கள். டிஸ்க்கின் பெயர் அங்கே பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது. பூட் என்ற பகுதியில் லெகசி, யுஇஎஃப்ஐ என்று கம்ப்யூட்டர் கிளம்பும் விதம் இரண்டு இருக்கும். எது இருக்கிறதோ அதை மாற்றி மற்றதைப் போட்டுப் பாருங்கள். அது உதவவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு, டிஸ்க்கைப் படிக்கும் முறையைச் சொல்லும் சேட்டா மோட் என்ற இடத்தில் ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருப்பதில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான், மாற்றுவதற்கு முன் இருந்ததைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு. தவறான முறையைப் போட்டால் நீலத்திரை வரும், வேறு சேதம் இல்லை, திரும்ப மாற்றிவிடலாம். ஆச்சி வீட்டில் ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது. அந்தக் கணக்கு எல்லாம் இருந்தது. அதில் வேறொரு சிக்கல் வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

பயாஸில் டிஸ்க்கின் பெயரே இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, டிஸ்க்குக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றி மாட்டுங்கள். சேட்டா வயர் தளர்வது சாதாரணம். அதற்கும் தெரியவில்லை, டிஸ்க்கிலிருந்து விநோதச் சத்தம் வருகிறது என்றால் கீழே "டிக் டிக்" பகுதிக்குப் போங்கள்.

எந்தப் பட்டனை அழுத்துவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டெல்லில் பயாஸுக்கு எஃப்2, எதிலிருந்து கிளம்புவது என்று தேர்ந்தெடுக்க எஃப்12. ஹெச்பியில் எஃப்10, எஃப்9. லெனோவோவில் பெரும்பாலும் எஃப்2 அல்லது எஃப்1, மற்றதற்கு எஃப்12. ஆன் செய்த உடனே விடாமல் தட்ட வேண்டும். லோகோ மறைந்த பிறகு தட்டிப் பயன் இல்லை.

"வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு"

இங்கே டிஸ்க் படிக்கிறது, விண்டோஸ்தான் தடுமாறுகிறது. அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது என்று எழுத்து வந்தால் தொடாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் போகும். எழுத்து இல்லாமல் வெறும் வட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு தடவை கிளம்பப் பார்த்துத் தோற்றால், மூன்றாவது தடவை விண்டோஸ் தானாக மீட்புத் திரைக்குப் போகும். ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போங்கள்.

அங்கே ஸ்டார்ட்டப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். கை துறுதுறுக்கும். பொறுங்கள். அதற்கு முன் ஃபைலை வெளியே எடுத்துவிடலாம், அங்கிருந்தபடியே.

வெளி டிஸ்க் ஒன்றைச் செருகிவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறங்கள். பாஸ்வேர்டு கேட்டால் கொடுங்கள். கறுப்புப் பெட்டியில் ஆங்கிலத்தில் நோட்பேட் என்று தட்டி என்டர் போடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன். கீழே டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ் என்று இருப்பதை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு சின்ன ஃபைல் ஜன்னல். இடப்பக்கம் திஸ் பிசிக்குப் போனால் டிரைவ்கள் தெரியும். எழுத்துகள் மாறியிருக்கலாம், சி டிரைவ் இங்கே டி என்று இருக்கலாம். யூசர்ஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. உள்ளே உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். வேண்டியதில் வலது கிளிக், காப்பி. செருகியிருக்கும் வெளி டிஸ்க்குக்குப் போய் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு இங்கே வராது, ஜன்னல் உறைந்துபோன மாதிரி நிற்கும். டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. ஒரு ஃபோல்டர் முடிந்த பிறகு அடுத்தது. இந்த ஒரு வழியால் நான் காப்பாற்றிய கல்யாண ஆல்பங்களும் கடைக் கணக்குகளும் ஏராளம். திருகாணி கூடக் கழற்ற வேண்டாம்.

எடுத்து முடித்ததும் ஸ்டார்ட்டப் ரிப்பேர். அது முடியவில்லை என்றால் கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குங்கள். அப்புறம் சிஸ்டம் ரீஸ்டோர். பிறகு ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் 4-ஐ அழுத்தி சேஃப் மோடு. எதுவும் ஆகாதபோதுதான் ரீசெட். அதில் கீப் மை ஃபைல்ஸ் என்று இருக்கும். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர்களை அது விட்டுவைக்கும். டேலி, போட்டோஷாப் மாதிரி மென்பொருள்களை எடுத்துவிடும். பெயர் நம்பிக்கை தருகிறதே என்று காப்பி எடுக்காமல் அதை அழுத்தாதீர்கள்.

ஏற்கெனவே யாரோ புது விண்டோஸ் போட்டுவிட்டார்கள் என்றால், சி டிரைவில் விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். ஃபார்மட் செய்யாமல் மேலேயே போட்டிருந்தால் பழைய யூசர்ஸ் அதற்குள் இருக்கும். சில நாளில் அது தானாக அழிந்துவிடக்கூடும்.

"நீலத்திரை வருது"

நீலத்திரை என்றால் விண்டோஸ் ஒரு தவறைக் கண்டுபிடித்து, மேலும் சேதம் ஆகாமல் நின்றுவிட்டது என்று பொருள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன, விமானங்கள் ரத்தாயின. சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை நீக்கியதும் கம்ப்யூட்டர்கள் எழுந்துகொண்டன. உள்ளே இருந்தவை எல்லாம் அப்படியே இருந்தன. அதனால் நீலத்திரையைப் பார்த்து ஃபார்மட்டுக்குப் போகாதீர்கள். புதிதாக என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள்: பிரிண்டரா, ரேமா, ஆன்டிவைரஸா? அதை நீக்குங்கள். மேலே சொன்ன மீட்புத் திரை இங்கேயும் உதவும்.

நீலத்திரையில் பிட்லாக்கர் என்று போட்டு 48 இலக்க எண் கேட்டால் அது வேறு கதை. டிஸ்க் முழுக்கப் பூட்டியிருக்கிறது. எண் இல்லாமல் உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. செல்போனில் அதே கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீயைத் தேடுங்கள். கம்ப்யூட்டரை வாங்கித் தந்த பிள்ளையின் கணக்கில் அது இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பயாஸில் எதை மாற்றினாலும், மதர்போர்டை மாற்றினாலும் இந்தக் கேள்வி வரலாம். ஆகவே உங்களுடையது புது லேப்டாப் என்றால் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் பயாஸுக்குள் நுழையுங்கள்.

"டிக் டிக்னு சத்தம் வருது"

அணையுங்கள். இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் அணையுங்கள்.

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போல வழுவழுப்பான தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிறது. படிக்கும் முனை அதன் மேல் படாமல் மிதக்கிறது; இடைவெளி தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிக் டிக் என்பது அந்த முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கும் சத்தம். தோற்கும்போது தட்டை உரசினால், உரசிய இடத்தில் இருந்தது திரும்ப வராது. இன்னொரு தடவை ஆன் செய்து பார்ப்போமே என்ற ஆசைதான் இங்கே எதிரி.

டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கைப் போடாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மூலை முடுக்கெல்லாம் ஓட வைக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் சேரும். மூடியைத் திறக்காதீர்கள், அதைத் திறப்பதற்குத் தூசியில்லாத அறை வேண்டும். சத்தம் இல்லாமல் வெறுமனே மந்தமாகப் படிக்கும் டிஸ்க் என்றால் விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து ஃபைலைத் தேடலாம். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, படிக்காத இடங்களுக்குக் கடைசியில் வரும் கருவி அது. டிக் டிக் சத்தம் வரும் டிஸ்க்குக்கு அதுவும் வேண்டாம். தரவு மீட்பு மட்டுமே செய்யும் இடங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன, செலவு அதிகம். உள்ளே இருப்பதன் மதிப்பை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எஸ்எஸ்டி சத்தம் போடாது. நேற்றுவரை ஓடிவிட்டு இன்று காணாமல் போய்விடும். இன்று ஒரு தடவை கண்ணில் பட்டதா, அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் வரவே இல்லை என்றால் ஃபைலை எடுப்பது

இரண்டு வழி. முதலாவது லினக்ஸ் பென்டிரைவ். நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். அந்தப் பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். பழுதான கம்ப்யூட்டரில் செருகி, எஃப்12 மாதிரியான பட்டனால் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்துக் கிளம்புங்கள். ட்ரை, இன்ஸ்டால் என்று இரண்டு கேட்டால் ட்ரை. இன்ஸ்டால் போட்டால் டிஸ்க் மேல் எழுதிவிடும். லினக்ஸ் மின்ட் நேராகவே டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். அங்கே இருக்கும் இன்ஸ்டால் படத்தைத் தொடாமல் விடுங்கள். ஃபைல் மேனேஜரில் உங்கள் விண்டோஸ் டிரைவ் தெரியும். யூசர்ஸைத் திறந்து வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். விண்டோஸ் முழுதாக அணையாமல் நின்றிருந்தால் டிரைவ் படிக்க மட்டும் திறக்கும். நமக்கு அது போதும், எழுத நமக்கு ஒன்றும் இல்லை. திறக்க மறுத்தால், கட்டாயப்படுத்தும் கட்டளைகளைப் போடாமல் இரண்டாவது வழிக்குப் போங்கள்.

இரண்டாவது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாக மாட்டுவது. சேட்டா டிஸ்க் என்றால் சேட்டா-யுஎஸ்பி வயர். லேப்டாப்பில் சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் அதற்கான உறை. அதில் என்விஎம்இ, சேட்டா என்று இரண்டு ரகம் உண்டு, உங்களுடையதைப் பார்த்து வாங்குங்கள். ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று சொன்னால் கன்டின்யூ அழுத்தலாம். ஃபார்மட் கேட்டால் கேன்சல்.

அழிந்துபோன ஃபைலைத் தேடும் மென்பொருள் எதையும் அதே டிஸ்க்கில் இறக்காதீர்கள். தேடும் பொருளின் மேலேயே நீங்கள் எழுதிவிடுவீர்கள்.

எதையெல்லாம் எடுப்பது

எல்லாரும் போட்டோவையும் டாக்குமெண்ட்டையும் எடுப்பார்கள். டேலி டேட்டா ஃபோல்டர், அவுட்லுக்கில் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைல், பிரவுசர் புக்மார்க் இவை விட்டுப்போகும். டேலி பல கடைகளில் யூசர்ஸுக்கு வெளியே இருக்கும். டேலிக்குள் போகும் வழி தெரியாவிட்டால் டேட்டா என்ற பெயரில் எங்கெல்லாம் ஃபோல்டர் இருக்கிறது என்று தேடுங்கள்.

ஆச்சி வீட்டில் வந்த சிக்கல் இதுதான். பங்காளிகள் பட்டியலை வெளி டிஸ்க்கில் எடுத்து, மகனின் புது லேப்டாப்பில் திறந்தேன். பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் பிறைக்குறியுமாகக் கிடந்தது. ஆச்சி முகம் வாடிவிட்டது. "கெட்டுப்போச்சா தம்பி?" கெடவில்லை. அது யூனிகோடு வருவதற்கு முந்தைய பழக்கத்தில் பாமினி எழுத்துருவில் தட்டியது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது தமிழாகத் தெரியாது. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலிருந்து பாமினியை எடுத்துப் புது லேப்டாப்பில் போட்டதும் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு, ஒரு வீடும் விடாமல் வாய்விட்டுப் படித்து முடித்தார்கள். அதுவரை நான் டிஸ்க்கைக் கழற்றவில்லை.

தமிழில் பத்திருபது வருஷமாகத் தட்டிவருகிற எந்த வீட்டிலும், அச்சகத்திலும், கோயில் அலுவலகத்திலும் இந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுக்க எடுங்கள். சின்ன ஃபோல்டர்தான்.

நகல் எடுத்த பிறகு பத்து ஃபைலையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் வந்து உள்ளே காலியாக இருப்பது உண்டு. ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்தவை என்றால் குறிப்பாகப் பாருங்கள். அவை இணையத்தில் மட்டும் இருந்து, டிஸ்க்கில் வெறும் அடையாளமாக இருந்திருக்கலாம்.

கடையில் கொடுப்பதானால்

எங்களிடமோ வேறு எங்கோ கொடுக்கும்போது, வாயால் சொல்வதோடு விடாதீர்கள். வாங்கி வைப்பவர் ஒருவர், மறுநாள் கழற்றுபவர் இன்னொருவராக இருப்பார். ஒரு தாளில் பெரிதாக எழுதி, செல்லோடேப்பால் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள்: "உள்ளே உள்ள ஃபைல் வேண்டும். என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்." அதற்குக் கீழே எப்போது நின்றது, கடைசியாகத் திரையில் என்ன வந்தது, இடி இறங்கியதா, கீழே விழுந்ததா, இதற்கு முன் யார் கை வைத்தார்கள் என்று நாலு வரி. விண்டோஸ் பாஸ்வேர்டும் உங்கள் போன் நம்பரும். டிஸ்க்கை மாற்றச் சொன்னால் பழைய டிஸ்க்கைக் கட்டாயம் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.